முதலாளி காரில் பிரேக் போனது

மூத்தவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் தெருவுக்கு முதல் டிவி வந்து, வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷம் நினைவிருக்கிறதா? பிரசவத்துக்கு உன்னை என் லாரியில் ஏற்றி, என் அம்மாவும் உன் தம்பியும் கூட வர, மலை இறக்கத்தில் பிரேக் போனதே, அந்த வருஷம்.

நேற்று முதலாளியின் காரிலும் அப்படியே ஆகிவிட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இறக்கத்தில் மிதிக்கிறேன், சேற்றில் கால் வைத்தது போல பெடல் உள்ளே போகிறது. கீழே ஜனங்கள் சாலையைக் கடக்கிறார்கள். கியர்மேல் இருந்த கை மரத்துவிட்டது. அன்றைக்கு என் கையை அழுத்திப் பிடித்து நீ கத்தியது காதில் கேட்டது: "என் மூஞ்சிய என்ன பாக்குறீங்க? கியரக் குறைங்க!"

குறைத்தேன். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, நடைபாதை ஓரத்தில் டயரை உரசி நிறுத்தினேன். பின்சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்த முதலாளி, "ஏன்யா இங்க நிறுத்துன? ஆபீஸ் இன்னும் தள்ளிப் போகணுமே" என்றார்.

இதை எழுதித் தரும் சமையல்காரர், "பெரியவரே, போன்லயே சொல்லலாமே" என்கிறார். போனில் என் குரல் நடுங்குவதை நீ கண்டுபிடித்துவிடுவாய்.

உன் பழைய சேலையில் தைத்த போர்வையை அனுப்பிவை. கடைப் போர்வையில் தூக்கம் வரவில்லை.

அடுப்பில் உலை கொதிக்கிறதாம், அவசரப்படுத்துகிறார். அம்மா போய்விட்டாள், உன் தம்பியும் போய்விட்டான். அந்த லாரியில் என்னோடு வந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான்.