கடலுக்குப் போகாதவன்

8 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டாயிற்று. கேஸ் புக் பண்ண வேண்டும். வீட்டுக்காரர் சட்டைக்குப் பட்டன்.

கதை திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை! போனில் ரேமோன் சார்: "கொலை நல்லா இருக்கு, மதாம். ஆனா இன்ஸ்பெக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கத்தியில ரத்தம், அவ்ளோதானா? நோ, நோ." ரிட்டையர் ஆன பிரெஞ்சு வாத்தியார். இன்னும் எல்லார் நோட்டையும் திருத்திக்கொண்டேதான் இருக்கிறார்.

புதுச்சேரியில் நடக்கிற மாதிரி பன்னிரண்டு குற்றக் கதைகள், இடத்துக்கு ஒன்று, புத்தகமாகப் போடுகிறார். சீட்டுக் குலுக்கியதில் கருவடிக்குப்பம் ஒரு பேங்க்காரருக்கு, காலாப்பட்டு ஒரு காலேஜ் பெண்ணுக்கு, எனக்கு வீராம்பட்டினம். மற்ற பதினொன்றும் ரெடி. சனிக்கிழமைக்குள் என்னுடையது சரியாகாவிட்டால் வீராம்பட்டினத்தை அவரே எழுதிக்கொள்வாராம். எழுதிவிடுவாரா? பார்த்துவிடலாம்!

எத்தனை வருடமாக நோட்டில் எழுதி நோட்டிலேயே மூடி வைக்கிறேன். ஒரே ஒரு கதை அச்சில் வரட்டும். கீழே ஷமீமா என்று இருக்கட்டும். வேறென்ன கேட்டேன்.

பதினொரு மணிக்கு வள்ளியக்கா, மீன்கூடையோடு. அவர் ஊரே வீராம்பட்டினம்தான். செவ்வாய், வெள்ளியில் மற்ற தெருக்களில் மீன் ஓடாது, நேராக எங்கள் முஸ்லிம் தெருவுக்கு வந்துவிடுவார். சங்கரா அரைக் கிலோ. செதில் தேய்க்கும்போது கதையைச் சொன்னேன். விடியும்போது கரையில் பிணம். ஊரே கூடி அழுகிறது. பிறகு படகுகள் வழக்கம்போலக் கடலுக்குப் போகின்றன. கொலைகாரனும் ஒரு படகில் ஏறி...

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"இன்னா ஷமீமாம்மா! சாவு வுழுந்த ஊர்ல எவன் படகு தள்ளுவான்? பொணத்த எடுக்குற வரைக்கும் ஒரு படகு தண்ணில எறங்காது."

மானம் போயிற்று. பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத ஊர். இத்தனை வருடம் அந்த ஊர் மீனைத் தின்றுவிட்டு இதைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

9 ஜூலை, புதன்

தூறல். மிளகாயை எடுக்க மறந்தேன். போகட்டும் மிளகாய்!

கிடைத்துவிட்டது. அரிசி களையும்போது கிடைத்தது. கொலை நடந்தது ராத்திரி. பிணம் கண்ணில் படுவது காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்பே, விடியாத நேரத்தில், எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். ஊரில் சாவு என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் மட்டும் போகவில்லை. ஏன்? அவனுக்கு மட்டும் தெரியும்!

யா அல்லாஹ். ஈரக் கையோடு உட்கார்ந்து எழுதினேன். சோறு குழைந்து களி.

வீட்டுக்காரர் அந்தக் களியைத் தின்றுகொண்டே, "கொலையே பண்றவன் இதுக்குப் போயா பயப்படுவான்?" என்றார். நியாயமான கேள்வி. எரிச்சலாக இருந்தது. வள்ளியக்காவுக்குப் போன் போட்டேன்.

"கொலைய வேணா பண்ணுவான். ஊர்ல சாவ வெச்சிக்கினு கடலுக்குப் போவ மாட்டான். கை வராது."

அப்படியே கதையில் வைத்தேன். பதினான்கு பக்கம். அனுப்பியாயிற்று, மாலை 4.40.

10 ஜூலை, வியாழன்

காலை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டு. துவைக்கவில்லை. கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

மூன்று மணிக்கு ரே. சார். "வுவாலா! இப்பதான் கதை." குதித்தேன். குதித்து முடிப்பதற்குள் அடுத்தது: "ஆனா, மதாம், வலை கிழிஞ்சிருந்துச்சு, அதான் போகலன்னு அவன் சொல்லிட்டா? கடலுக்குப் போறதாத்தான் இருந்தான்னு யாருக்குத் தெரியும்?"

மனுஷன் விடமாட்டார். ஆனால் சரியாகத்தான் கேட்கிறார். இன்னும் இரண்டு நாள்.

11 ஜூலை, வெள்ளி

வெயில். ஜும்ஆ நாள், வீட்டில் கறி. ஆனாலும் வள்ளியக்காவிடம் நெத்திலி வாங்கினேன், பேசுவதற்காகவே. கேள்வியைச் சொன்னதும் யோசிக்கக்கூட இல்லை.

"அவன் பொண்டாட்டிக்குத் தெரியும். காலைல கடலுக்குப் போறேன், சோறு கட்டி வைன்னு முந்தின நாள் சொல்லியிருப்பான் இல்ல? கட்டி வெச்சிருப்பா. விடிஞ்சு பாத்தா சோத்துத் தூக்கு அப்படியே இருக்கும்."

உடனே அடுத்ததைக் கேட்டேன். "அவ அவனக் காட்டிக் குடுப்பாளா அக்கா?"

"செத்தவனுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"மூணு."

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"அப்பிடின்னா சொல்லுவா. வாயால சொல்ல மாட்டா. சாவு ஊட்ல அடுப்பு எரியாது, பக்கத்து ஊட்லேருந்துதான் சோறு போவும். இவ அந்தத் தூக்கையே எடுத்துக்கினு போயி, அந்தப் புள்ளைங்களுக்குப் போடுவா. கடலுக்குக் கட்டுன புளிச்சோறு. கட்டுன சோறு ஏன் கடலுக்குப் போவலன்னு ஊரு பாக்கும். போதும்."

மகராசி! நெத்திலியை ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். கடைசிப் பக்கம் எழுதும்போது அழுதேன். சந்தோஷத்திலா, அந்தப் பொம்பளைக்காகவா, தெரியவில்லை.

12 ஜூலை, சனி

காலை 9.15க்கு அனுப்பினேன். 10.05க்குப் போன்.

ரே. சார். "மெர்சி, மதாம். பன்னெண்டாவது கதை உங்களுது. பேர் எப்படிப் போடணும்?"

ஷமீமா! ஷமீமா என்றே போடுங்கள் சார்! கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

வீட்டுக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு அல்வாவோடு வந்தார். "கொலைகாரியோட குடும்பம் நடத்துறேன்"னு தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வள்ளியக்காவைப் போனில் பிடித்தேன். பின்னால் ஒரே மார்க்கெட் சத்தம். கதை புத்தகத்தில் வரப்போகிறது, முடிவு நீங்கள் சொன்னதுதான், உங்கள் பெயருக்கு நன்றி போடச் சொல்லியிருக்கிறேன் என்று மூச்சு விடாமல் கொட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "அந்தப் புள்ளைங்க சாப்டுச்சுங்களா?"

அதை எழுதவே இல்லை நான்! தூக்கின் மூடியைத் திறப்பதோடு முடித்துவிட்டேன்.

"சாப்டாங்கக்கா. மூணு பேரும்."

"ம்" என்றார்.

ரே. சார் லைன் பிஸி. இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.