றேமண்டின் சாவி

10.03.2025, திங்கள்
காலை ஒன்பதேகாலுக்குப் பங்கு அலுவலகத்தில் இருந்தவர்கள்: பாதர் மெல்ரோய், அலுவலகம் திறந்து மூடும் றேமண்ட், ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வந்த றஷ்மி, நான். வேறு ஒருவரும் இல்லை.

கணினி வழக்கம்போல எழும்பியது. ஆனால் எதைத் திறக்கப் போனாலும் ஒரே அறிவிப்பு: கட்டுப்பாடு உள்ளது, நிர்வாகியைக் கேட்கவும். வேர்ட் இல்லை, எக்ஸல் இல்லை. பூச்சி அரித்த பதிவேடுகளைப் பார்த்து இரண்டு வருடமாக நான் ஏற்றிய ஞானஸ்நானப் பதிவுகள் எல்லாம் உள்ளே.

மத்தியானத்தில் றேமண்ட் அதில் சீட்டு விளையாடுவது எல்லாருக்கும் தெரியும். "சீட்டோட சேத்து வைரஸையும் இறக்கிட்டீங்களோ?" என்றார் பாதர், சிரித்துக்கொண்டுதான். றேமண்ட் சிரிக்கவில்லை.

நான் பழைய பதிவேட்டைப் பார்த்து றஷ்மியின் சான்றிதழைக் கையால் எழுதத் தொடங்கினேன்.

11.03, செவ்வாய்
இங்கேயாவது எழுத வேண்டும். நான்தான் பூட்டினேன். ஞாயிறு பூசை முடிந்து, குறித்த சில செயலிகளை மட்டும் திறக்க விடும் கட்டுப்பாட்டைக் கணினியின் குரூப் பொலிசி என்ற பக்கத்தில் போட்டேன். யூடியூப் பார்த்துப் படித்தது. தவக்காலத்திலாவது றேமண்ட் சீட்டை விடட்டும் என்று — அவருடைய தவத்தைத் தீர்மானிக்க நான் யார்?

பட்டியலில் வேர்ட், எக்ஸல் என்று மட்டும் எழுதினேன். அதற்கு winword.exe என்பதுபோலக் கோப்பின் முழுப்பெயர் வேண்டுமாம். பிள்ளையின் முழுப்பெயர் இல்லாமல் ஒரு படிவமும் வாங்காதவள் நான். கட்டுப்பாட்டை எடுக்கும் பக்கத்தைப் பட்டியலில் போடவேயில்லை. அதுவும் திறக்காது.

நிர்வாகியைக் கேட்கச் சொல்கிறது. நிர்வாகி நான்.

12.03, புதன்
பாதர் றேமண்டிடமிருந்து அலுவலகச் சாவியை வாங்கிவிட்டார். இனி மணியும் மெழுகுதிரியும் மட்டும் அவருக்கு. பதினெட்டு வருடம் அவர் இடுப்பில் இருந்த சாவி.

13.03, வியாழன்
கணினிப் பெட்டியை த்ரீவீலில் ஏற்றி மருதானைக்கு, கணினி திருத்தும் பௌஸியின் கடைக்கு. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். பதிவுகள்? "அதுக்கு நான் பொறுப்பில்ல மெடம்." மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

14.03, வெள்ளி
வீட்டு மேசையில் வைத்து, போனில் வாசித்து வாசித்துச் செய்தேன். ஷிப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கம். பாதுகாப்பு முறையில் கட்டளை எழுதும் கறுப்புத் திரை. அங்கிருந்து குரூப் பொலிசி திறந்தது. போட்டதை எடுத்தேன். கணினியைத் திரும்ப எழுப்பினால் எக்ஸல் வந்தது. 3,412 பேரும் இருக்கிறார்கள். சேசுவே நன்றி.

ஹியூபேட் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "பூட்டினது நீதானே. வேற ஆருக்கு இவ்வளவு கெதியாத் திறக்க ஏலும்?"

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவர்.

15.03, சனி
கணினி திரும்பி வந்ததில் பாதருக்குப் பெரிய சந்தோஷம். சாவியை என் கையில் தந்தார். வாங்கினேன். ஏன் வாங்கினேன்?

பின்னேரம் முகத்துவாரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து றேமண்ட் வந்தார். பேலியகொடை மீன்சந்தையில் வாங்கிய பாரை மீன், பையில். "என்ட பிழைக்கு நீங்க அலைஞ்சீங்க, றோஸியக்கா. இனி அந்தச் சீட்டத் தொட மாட்டன்." தான்தான் கெடுத்தது என்றே நம்புகிறார்.

பொரித்தேன். ஹியூபேட் சாப்பிட்டார். என் துண்டை மூடி வைத்தேன்.

16.03, ஞாயிறு
பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம், பாதர் மெல்ரோயிடமே. எல்லாம் சொன்னேன். பிறகு, "இங்க சொன்னது இங்கதான். வெளிய வந்தா எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். ஒரு செபமாலை சொல்வது அபராதம்.

17.03, திங்கள்
அலுவலகத்தை நான் திறந்தேன். பாதர் சாவியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு குருவானவர் ஒரு விரலும் அசைக்கக்கூடாது. புதுநன்மை எடுத்த சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்துதான் அங்கே போய்ச் சொன்னேனா?

வாசலில் நின்று றேமண்ட் கேட்டார், உள்ளே வந்து மெழுகுதிரிப் பெட்டியை எடுக்கலாமா என்று. என்னிடம்.

18.03, செவ்வாய்
பாதரின் மேசையில் சாவியோடு வைத்த கடிதத்தின் பிரதி:

"மதிப்புக்குரிய பாதர், அலுவலகக் கணினியை ஒன்பதாம் திகதி பூட்டியது நான். றேமண்ட் அல்ல. அவருடைய விளையாட்டை நிறுத்தப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பத்தாம் திகதி அலுவலகத்தில் இருந்த றஷ்மிக்கும் இதைச் சொல்லலாம். றேமண்டிடம் நானே இன்று போய்ச் சொல்கிறேன். நான் தொடர்ந்து பதிவு ஏற்றலாமா என்பது உங்கள் தீர்மானம். நாளை சூசையப்பர் திருநாள். அலுவலகத்தை றேமண்ட் திறப்பாரா? தயவுசெய்து இன்றைக்கே பதில் சொல்லுங்கள்."