மூச்சுப் பயிற்சி வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு மெரின் வணக்கத்துடன் எழுதுவது.

உன் முழங்கால் வலி தேவலையா? காரைக்காலில் மழை நின்றதா? நான் நலம். விடுதியில் போனில் பேசினால் பத்துப் பேர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

தட்டாஞ்சாவடியில் எங்கள் கம்பெனியில் நேற்று மன அழுத்தத்தைக் குறைக்க வகுப்பு நடத்தினார்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். "கண்ண மூடி மூச்ச மெதுவா இழுங்க" என்றார் பயிற்சியாளர். சூப்பர்வைசர் புருஷோத்தமன் எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் நிர்மலாதேவி அக்கா மூடிய கண்ணோடு அழுதார். குழந்தைக்கு ஜுரம் என்று அவர் காலையில் லீவு கேட்டபோது, "அப்டியே வேலைய உட்டு நின்னுக்கோ" என்று கத்தியதும் இதே ஆள்தான்.

"யாருக்காவது டென்ஷன் இருக்கா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"நம்ம கம்பெனில அதெல்லாம் கெடையாது சார்" என்று சூப்பர்வைசர் இளித்தார்.

நான் எழுந்துவிட்டேன்.

"மூச்ச அப்பறம் இழுக்கலாம் சார். இந்த அக்கா புள்ளைக்கு ஜுரம். மொதல்ல அவங்கள வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

வெளியாளான பயிற்சியாளர் முன்னால் சூப்பர்வைசரால் மறுக்க முடியவில்லை. அக்கா ஓடினார். குழந்தைக்கு இன்று ஜுரம் விட்டதாம்.

என்னை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டும், பேச ஆளில்லை, அவ்வளவுதான். கவலைப்படாதே. அந்த இளிப்பை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்றும் வேண்டும். துவைக்காமலே அனுப்பு.

கம்பெனி வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மெரின்