துடிச்சா நல்லதில்லப்பா

இல்லப்பா, கை நல்லா துடிக்குதுன்னு நீங்க பெருமையா எழுதினதைப் படிச்சதும் தலையில அடிச்சுக்கிட்டேன். டயாலிசிஸுக்காகக் கையில ஆபரேஷன் பண்ணிச் சேர்த்த ரத்தக்குழாய் துடிக்கக் கூடாது. பூனை வயித்துல கை வச்சா குறுகுறுன்னு அதிருமே, அப்படி அதிரணும்.

நான் நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன். அம்மா எப்படி இருக்காங்கன்னு முதல்ல கேட்டிருக்கணும், கோவம் முந்திக்கிச்சு.

படிப்பைப் பாதியில விட்டுட்டு ஆஸ்பத்திரியில வீல்சேர் தள்றவன் எனக்குப் புத்தி சொல்றானான்னு நினைப்பீங்க. போன வாரம் நான் தள்ளிட்டுப் போன மீசைக்காரரும் இப்படித்தான், "தொட்டுப் பாரு தம்பி, குதிரை மாதிரி ஓடுது"ன்னார். ஸ்கேன் எடுக்குற அக்கா ஜெல்லைத் தடவிப் பார்த்துட்டு, "எங்கய்யா ஓடுது? மேல குழாய் சுருங்கிப்போய் ரத்தம் முட்டிக்கிட்டு நிக்குது"ன்னாங்க. மறுநாளே உள்ள பலூன் விட்டு விரிச்சாங்க. இப்ப ஜோரா அதிருது. மெதுவா தள்ளுடான்னு என்னையே அதட்டுறார்.

எனக்குத்தான் முன்னாடியே பலூன் விட்டு விரிச்சாச்சேன்னு சொல்லாதீங்க. விரிச்சது திரும்பவும் சுருங்கும். மொத்தமா அடைச்சா டயாலிசிஸ் பண்ண கழுத்துல குழாய் போடுவாங்க, அப்புறம் புதுசா சேர்க்க இன்னொரு இடத்துல கத்தி வைப்பாங்க. ஸ்கேன்னு சொன்னாலே போனை வைக்கிறீங்க, அதான் லெட்டர்.

நாளைக்கே ஸ்கேனுக்குப் போங்கப்பா. அந்த மெஷின்ல உஸ் உஸ்னு சத்தம் வரும், அம்மாவை போன்ல பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்க. இங்க யார் யார் கையோட சத்தமோ தினமும் கேக்குறேன், உங்களோடது மட்டும் கேட்டதே இல்ல.

கூப்பிடுறாங்க, போகணும்.