என் பெயரில் எழுதிய மாத்திரை

என் கண்ணுக்கு,

"பட்டாளம் சலிச்சுப்போச்சும்மா, விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு டல்லாஸுக்கு லாரி ஓட்டப் போனாய். நானும் நம்பினேன். நேற்று உன் சீருடையைத் துவைக்க எடுத்தபோது பையில் பணிநீக்கக் கடிதம் இருந்தது. சோதனையில் வலி மாத்திரை தெரிந்ததாக அதில் எழுதியிருந்தது.

உடனே உன் கேப்டன் லாங்ஸ்ட்ராத்துக்கு ஃபோன் செய்து சொன்னேன்: "அப்பாவோட சவப்பெட்டியத் தூக்கினதுல அவனுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. டாக்டர் எனக்கு எழுதின பல்வலி மாத்திரைய நான்தான் குடுத்தேன் சார்."

"அடுத்தவங்களுக்கு எழுதின போதை கலந்த வலி மருந்தச் சாப்பிடக்கூடாதும்மா. சிறுநீர் சோதனையில வந்திடுச்சு. யாரு குடுத்தாங்கன்னு எத்தனையோ தடவ கேட்டோம். அவன் வாயே திறக்கல."

"அவனுக்கு இந்த விதியெல்லாம் தெரியாது சார்."

"தெரியாதா? பசங்களுக்கு இந்த விதிகளச் சொல்லித்தர்ற வகுப்ப எடுத்ததே அவன்தான்."

அன்று கல்லறையிலிருந்து திரும்பியதும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். நீ அதைப் பார்த்தாய். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தாய். உன் அப்பாவுக்கு என்னால் எதுவும் செய்ய முடியாமல் போன நாள் அது. "தேங்க்ஸ்மா" என்று விழுங்கினாய்.

பதினோரு வருட வேலையடா. "வேணாம்மா" என்று சொல்லியிருந்தால் நான் என்ன, அழுதிருப்பேன். அவ்வளவுதானே?

உன் அம்மா