மதுரையில் பிறந்த குற்றம்

ஜூலை 10, வியாழன், கிளென் வேவர்லி, ஆஸ்திரேலியா

கோபம் இன்னும் அடங்கவில்லை. அமெரிக்கக் கிளைக்கு நிரந்தரமாக அனுப்ப கம்பெனி என்னையும் சுதாவையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. இருவருக்கும் ஒரே வேலை. இருவரிடமும் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். இன்று வீடியோவில் வந்த அமெரிக்க வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. எங்கே பிறந்தீர்கள் என்றுதான் கேட்டார்.

சுதா யாழ்ப்பாணம் என்றாள். அவளுக்குச் சில வருடங்களில் கிரீன் கார்டு கிடைத்துவிடுமாம். நான் மதுரை என்றேன். பெரிய நாடோ சின்ன நாடோ, வருடத்துக்கு இத்தனை கார்டுதான் என்று எல்லாவற்றுக்கும் ஒரே உச்சவரம்புதானாம். அதனால் கூட்டம் அதிகமான இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நகர்வதே இல்லையாம். "நீங்கள் ரிட்டயர் ஆகும்வரைகூட ஆகலாம்" என்று சிரித்தார். அதுவரை தற்காலிக விசாதான். வேலை போனால் என் மகளை அழைத்துக்கொண்டு அந்த நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும்.

மேனேஜர் கிரெக், "முதலில் போ, பிறகு ஏதாவது மாறும்" என்றார்.

"தானாக மாறாது" என்றேன். "சட்டத்தை மாற்றச் சொல்லி கம்பெனி அமெரிக்க அரசுக்கு எழுதட்டும். அதுவரை நான் இங்கிருந்தே வேலை செய்வேன்."

சுதா என் பக்கம் திரும்பி, "எழுதினா முதல் கையெழுத்து என்ர" என்றாள்.

"உனக்குத்தான் வழி திறந்திருக்கே, நீ ஏன்டி?"

"ஓம், அதாலதான். நான் கேட்டா, கிடைக்காத எரிச்சலில கேக்கிறாள் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

தலைமையகத்தில் பேசுவதாகக் கிரெக் சொன்னார். பேசட்டும். அவர் பேசாவிட்டால், திங்கட்கிழமை நாங்கள் இருவரும் தலைமையகத்தோடு நேரடியாகப் பேசுவோம்.