வெள்ளைப் பக்கம்

இன்று காலை குசினியில் ஒரு முட்டையை உடைத்தேன். கூழ்முட்டை. நாற்றம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், சட்டியோடு தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டேன். சட்டி நெளிந்து கிடக்கிறது. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லையடி.

நீயும் நானும் முரசுமோட்டைப் பக்கம் கண்ணிவெடி அகற்றியவர்கள். சிவப்பு அடித்த கட்டைக்கு அப்பால் வெடி புதைந்த நிலம், சாவு. வெள்ளைக் கட்டைக்குள், வெடி அகற்றிய பக்கத்தில் நின்றால் உயிர். வருடக்கணக்காக வெயிலில் முழங்காலில் நின்று அதை உடம்பில் ஏற்றிக்கொண்டோம். வேலையை விட்டதும் நீ கமரா வாங்கிக் கலியாண வீடுகளுக்குப் போனாய். அதுவும் சலித்துவிட்டது.

"பவுடர் பூசின முகங்களைப் பாத்துக் கண் அவிஞ்சு போச்சடி. கிழக்கை காட்டுக்குள்ளை ஒரு வெந்நீர் ஊத்து இருக்காம். நிலமே நிறம் நிறமாக் கிடக்காம். வாறியோ?"

வந்தேன். ஊற்றின் ஒரு கரை துருச் சிவப்பு, நடுவில் பாசிப் பச்சை, மறுகரையில் உப்புப் படிந்து அப்பத்தின் ஓரம் போல மொறுமொறுவென்று வெள்ளை. ஆவி கூழ்முட்டை நாற்றத்தோடு முகத்தில் அடித்தது. அந்த வெள்ளை மடிப்புகளைக் கிட்டப்போய்ப் படமெடுக்கத் துடித்தாய்.

"சிவப்பிலை கால் வையாதை, வெள்ளையாலை வா," என்று எனக்கே கட்டளை போட்டாய். சிரித்தோம். ஆனால் உன் கால் விளையாட்டுக்குப் போகவில்லை. பழகிய பழக்கத்தில் தானாக வெள்ளைக்குப் போனது. சிவப்பு கெட்டிப் பாறை. வெள்ளை வெறும் பொருக்கு. அது உடைந்து, கொதிக்கும் சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கினாய்.

நீ கத்திய கத்தலில் குரங்குகள் சிதறி ஓடின. இழுத்தெடுத்தேன், காலுறையோடு தோலும் உரிந்து வந்தது. "காலை வெட்டடி! வெட்டு!" என்று என் முகத்தில் குத்தினாய். மயங்கிவிடாதே என்று நானும் அறைந்தேன். முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழி நெடுக என் தோளைக் கடித்தபடியே வந்தாய்.

புண் அழுகி இரத்தத்தில் விஷம் ஏறியது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "படம் வந்ததோ?" என்றாய்.

"நாசமாப் போன படம்!" என்று கத்தினேன். நீ சிரித்தாய். அடுத்த நாள் நீ இல்லை. அத்தனை கண்ணிவெடிக்கும் தப்பிய காலை ஓர் உப்புப் பொருக்குத் தின்றுவிட்டது. பாழாய்ப்போனவளே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

போன கிழமை சட்டை தைக்க அளவு கொடுத்தேன். என் தோளில் உன் பல் வரிசை பதிந்த தழும்பைத் தையல்காரப் பிள்ளை பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, நாய் கடிச்சதோ?"

"ஓம். விசர் பிடிச்ச நாய்," என்றேன். அவள் அளவு நாடாவோடு திகைத்து நிற்க, அங்கேயே குந்தியிருந்து ஓவென்று அழுதேன்.